என்.எச்.எல். கோடைப் பேரங்கள்: எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எப்படி எடைபோடுவது

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பை எந்த அணிக்குப் போனாலும் சரி, அடுத்த இரண்டு வாரத்துக்குள் லீக்கின் 32 அணிகளும் தங்கள் ஆள்பட்டியலைக் கலைத்து அடுக்கத் தொடங்கிவிடும். சீசன் முழுக்க ஆட்டத்தைத் தவறாமல் பார்த்தவர்களில் பலர் இந்த இடத்தில்தான் வழி தெரியாமல் நிற்கிறார்கள். டொரொண்டோ பக்கம் அந்த ஊர் அணியான லீஃப்ஸ் பற்றிய பேச்சு தமிழில் நடக்காத நாள் குறைவு. அந்தப் பேச்சில் ஜூலை மாதம் அதிகம் கேட்கும் வாக்கியம் "இவனுக்கு இவ்வளவு மில்லியனா?" என்பது. கேள்வி நியாயமானது. ஆனால் பதில் வீரரின் பெயரில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேப் ஹிட் (அணியின் சம்பள உச்சவரம்பில் அந்த வீரர் பெயரில் ஆண்டுதோறும் கணக்காகும் தொகை) எவ்வளவு, எத்தனை ஆண்டு, நோ-மூவ் உரிமை (ஒப்புதல் இல்லாமல் வேறு அணிக்கோ கீழ் லீக்குக்கோ அனுப்ப முடியாது என்ற உரிமை) உண்டா, பணம் சம்பளமாக வருகிறதா போனஸாக வருகிறதா என்ற நான்கும், கையெழுத்தான தேதியும் தெரியாமல் ஒரு பேரத்தை நல்லது கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மறந்துவிட்டு வர வேண்டும். இங்கே ஏல மேடை கிடையாது, ஒரே நாளில் எல்லாம் முடிவதும் கிடையாது. ஜூன் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை பல கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். எந்தக் கதவு எப்போது மூடுகிறது என்பதை அறிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு காசும் செலவில்லை. மூன்று இருந்தால் போதும்.

முதலாவது, ஒப்பந்த விவரத் தளம். பல ஆண்டுகளாக எல்லோரும் நம்பியிருந்த கேப்ஃப்ரெண்ட்லியை வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி வாங்கி, 2024 ஜூலையில் பொதுமக்களுக்கு மூடிவிட்டது. பழைய கட்டுரைகளில் அதன் இணைப்பு இன்னும் கிடக்கும், திறக்காது. இப்போது பக்பீடியாவைப் பயன்படுத்துங்கள். உங்கள் அணியின் பக்கத்தில் ஒவ்வொரு வீரருக்கும் கேப் ஹிட், முடியும் ஆண்டு, உரிமைகள் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும்.

இரண்டாவது, லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் பிடிஎஃப். வீரர் சங்கத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முழுக்கப் படித்து மாளாது. 10-ஆம் பிரிவு ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போகும் சுதந்திரம்), 11.8 நோ-மூவ் உரிமைகள், 12 சம்பள நடுவர் மன்றம் (சம்பளத் தகராறைத் தீர்க்கும் இடம்), 50 சம்பள உச்சவரம்பு. இந்த நான்கு இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஒப்பந்தத்தின் மேல் 2020-இலும் 2025-இலும் திருத்தங்கள் வந்திருக்கின்றன, ஆகவே பழைய பிரதியை மட்டும் வைத்து வாதாடினால் தோற்றுப்போவீர்கள்.

மூன்றாவது, செய்தி வரும் வழி. எலியட் ஃப்ரீட்மன், பியர் லெப்ரன், கிறிஸ் ஜான்ஸ்டன் போன்ற ஹாக்கிச் செய்தியாளர்கள் சிலர் சொன்னால் பெரும்பாலும் நடந்துவிட்டது என்று பொருள். ஜூலை 1 அன்று சமூக ஊடகங்களில் இவர்கள் பெயரில் ஒரு எழுத்து மாற்றிய போலிக் கணக்குகள் புற்றீசல் போலக் கிளம்பும். பெயரையும் படத்தையும் நம்பாதீர்கள், கணக்கின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

2. நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

எல்லா நேரமும் கிழக்கு வட அமெரிக்க நேரம். அங்கே நண்பகல் 12 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 9.30, லண்டனில் மாலை 5, சிங்கப்பூரில் நள்ளிரவு.

ஜூன் 15, அல்லது இறுதிப்போட்டி முடிந்து 48 மணி நேரம், இவற்றில் எது பிந்தியதோ அப்போது பைஅவுட் (மிச்சச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து வீரரை வெளியே அனுப்புவது) கதவு திறக்கும். ஜூன் 30 மாலை 5 மணிக்கு மூடும்.

ஜூன் கடைசி வாரம் டிராஃப்ட், அதாவது இளம் புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமை முதல் சுற்று, சனிக்கிழமை மீதி ஆறு சுற்று. ட்ரேடுகளுக்கு (அணிகள் வீரர்களையும், டிராஃப்டில் தங்கள் முறையான 'தேர்வு'களையும் மாற்றிக்கொள்வதற்கு) இதுதான் உச்சம். 2025-இல் மாண்ட்ரியல் நோவா டாப்சனை நியூயார்க் ஐலண்டர்ஸிடமிருந்து வாங்கியது முதல் சுற்று நடந்த அதே நாளில்தான். விலை: அன்றைய 16, 17-ஆம் தேர்வுகளும் எமில் ஹைனமனும்.

டிராஃப்டுக்கு அடுத்த திங்கட்கிழமை மாலை 5 மணி: கட்டுப்பாடுள்ள வீரர்களுக்கு (யார் என்பது 4-ஆம் பகுதியில்) அணி தகுதி அழைப்பு, அதாவது அவர்கள் மேலுள்ள உரிமையைத் தக்கவைக்கும் ஒப்பந்த அழைப்பு, கொடுக்க வேண்டிய கெடு. புதிதாக வருபவர்கள் இந்த நாளைக் கவனிப்பதே இல்லை. அழைப்பு கிடைக்காதவர் ஜூலை 1 அன்று முழுச் சுதந்திரம் பெறுகிறார். 24, 25 வயதில், குறைந்த விலையில் நல்ல ஆள் கிடைக்கும் இடம் அந்த மாலைப் பட்டியல்தான்.

ஜூலை 1 நண்பகல்: ஃப்ரீ ஏஜென்சி. அதே நாளில் புதிய கேப் ஆண்டும் தொடங்குகிறது. இன்னும் ஓராண்டு மிச்சமுள்ள வீரர்கள் நீட்டிப்புக்குக் கையெழுத்திடத் தகுதி பெறுவதும் அன்றுதான். பல ஒப்பந்தங்களின் போனஸ் தொகை அன்று கொடுக்கப்படுகிறது, பல நோ-மூவ் உரிமைகள் அன்று உயிர் பெறுகின்றன.

ஜூலை 5: வீரர்கள் நடுவர் மன்றத்தை நாடும் கெடு. மறுநாள் அணிகளுக்கான கெடு. விசாரணைகள் ஜூலை பிற்பகுதியில் தொடங்கும்.

டிசம்பர் 1: கட்டுப்பாடுள்ள வீரர் ஒருவர் இதற்குள் கையெழுத்திடாவிட்டால் அந்தச் சீசன் முழுவதும் என்.எச்.எல்.-இல் ஆட முடியாது. வில்லியம் நைலாண்டர் 2018-இல் டொரொண்டோவோடு கையெழுத்திட்டது அந்த நாளில், கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது.

3. கேப் ஹிட்டைத் தொகையாகப் படிக்காதீர்கள், விழுக்காடாகப் படியுங்கள்

கேப் ஹிட் என்பது மொத்த ஒப்பந்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்த சராசரி. முதல் ஆண்டு 16 மில்லியன், கடைசி ஆண்டு 9 மில்லியன் கையில் வந்தாலும் கேப் கணக்கில் எல்லா ஆண்டும் ஒரே எண்தான்.

அணி ஒன்று செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 2024-25-இல் 88 மில்லியன் டாலர். 2025-26-இல் 95.5, 2026-27-இல் 104 மில்லியன். 2027-28-க்கு 113.5 என்று லீக் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. கொரோனா காலத்தில் 81.5 மில்லியனிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்ற வரம்பு இது. அந்த நாளைய விலைகளை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய ஒப்பந்தங்களைத் திட்டுவதுதான் இப்போது மிகப் பெரிய பிழை.

கணக்கு எளிது. கேப் ஹிட்டை, ஒப்பந்தம் தொடங்கும் ஆண்டின் வரம்பால் வகுத்து நூறால் பெருக்குங்கள்.

டொரொண்டோவிடம் மிட்ச் மார்னர் 2019-இல் வாங்கியது 10.903 மில்லியன். வரம்பு 81.5. அதாவது 13.4 விழுக்காடு. 2025-இல் வேகாஸ் கொடுத்தது 12 மில்லியன், வரம்பு 95.5. 12.6 விழுக்காடு. டாலரில் கூடியிருக்கிறது, அணியின் பையில் அவர் எடுக்கும் பங்கு குறைந்திருக்கிறது. "பிளேஆஃபில் காணாமல் போனவனுக்குச் சம்பள உயர்வா?" என்று கொதித்தவர்கள் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்க்கவில்லை.

கானர் மெக்டேவிட் 2018-19-இல் 12.5 மில்லியன் வாங்கத் தொடங்கியபோது வரம்பு 79.5, அதில் 15.7 விழுக்காடு அவருடையது. 2025 அக்டோபரில் அதே 12.5 மில்லியனுக்கு மேலும் இரண்டு ஆண்டு கையெழுத்திட்டார். 2026-27 வரம்பில் அது 12 விழுக்காடுதான். கிரில் கப்ரிசாவ் அதே ஆண்டில் மினசோட்டாவோடு எட்டு ஆண்டுக்குப் போட்டது ஆண்டுக்கு 17 மில்லியன், 16.3 விழுக்காடு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எட்மண்டனுக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய சலுகை என்று புரியும். உலகின் முதல் ஆட்டக்காரர் தன் அணிக்கு ஒரு நல்ல பாதுகாப்பாளரின் சம்பளத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, கோடையில் அணி வரம்பைப் பத்து விழுக்காடு தாண்டலாம், சீசன் தொடங்கும் நாளில்தான் உள்ளே வர வேண்டும். ஆகவே ஜூலையில் உங்கள் அணி மூன்று மில்லியன் தாண்டி நிற்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். மற்றொன்று, "பிடிக்கவில்லை என்றால் கீழ் லீக்குக்கு அனுப்பிவிடலாம்" என்ற எண்ணம். அனுப்பினால் முழுத் தொகையும் மறையாது. குறைந்தபட்சச் சம்பளமும் 3,75,000 டாலரும் சேர்ந்த அளவே விடுபடும். 2025-26-இல் அது 11.5 லட்சம் டாலர். ஐந்து மில்லியன் வீரரை அனுப்பினால் 38.5 லட்சம் கணக்கில் அப்படியே கிடக்கும்.

4. வீரர் எந்த வகை என்று பாருங்கள்

ஒப்பந்தம் முடிந்த எல்லோரும் ஃப்ரீ ஏஜென்ட் அல்ல. ஜூன் 30-க்குள் 27 வயது ஆனவர், அல்லது ஏழு சீசன் முடித்தவர் கட்டுப்பாடற்றவர். எங்கு வேண்டுமானாலும் போகலாம், பழைய அணிக்கு ஈடு எதுவும் கிடையாது. மற்றவர்கள் கட்டுப்பாடுள்ளவர்கள், தகுதி அழைப்பு கொடுத்தால் உரிமை அணியிடமே இருக்கும்.

தகுதி அழைப்பின் தொகையைக் கடைசி ஆண்டுச் சம்பளத்திலிருந்து கணக்கிடுவார்கள். ஒரு மில்லியனுக்குக் கீழ் என்றால் 105 விழுக்காடு, ஒரு மில்லியனும் அதற்கு மேலும் என்றால் அதே தொகை. இங்கே கேப் ஹிட்டை எடுத்துக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கடைசி ஆண்டில் பணம் குவிக்கப்பட்ட ஒப்பந்தமாக இருந்தால் அழைப்புத் தொகை கேப் ஹிட்டைத் தாண்டும். இப்போது அதற்குக் கேப் ஹிட்டின் 120 விழுக்காடு என்று ஒரு மேல்வரம்பு உண்டு. நல்ல இளம் வீரரை அணி ஏன் சும்மா விட்டது என்று புரியாதபோது இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

நடுவர் மன்றம் போனால் ஓராண்டு அல்லது ஈராண்டு ஒப்பந்தம் கிடைக்கும், விசாரணை முடிந்து 48 மணி நேரத்தில் தீர்ப்பு. பெரும்பாலானவை விசாரணைக்கு முன்பே சமரசமாகிவிடும், காரணம் எளிது. தன் வீரரின் குறைகளை அவர் முகத்துக்கு நேரே அடுக்க எந்த மேலாளருக்கும் விருப்பமில்லை. மன்றத்தை நாடியவருக்கு வேறு அணி ஆஃபர் ஷீட் (வேறு அணி நீட்டும் ஒப்பந்தம், அடுத்த பகுதியில் வருகிறது) கொடுக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

5. ஆஃபர் ஷீட்: மிகக் குறைவாகப் பயன்படும் நல்ல ஆயுதம்

கட்டுப்பாடுள்ள வீரருக்கு வேறு அணி ஒப்பந்தம் நீட்டலாம். அவர் கையெழுத்திட்டால், பழைய அணிக்கு ஏழு நாள் அவகாசம். அதே தொகையைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிட்டு டிராஃப்ட் தேர்வுகளை ஈடாகப் பெறலாம். வைத்துக்கொண்டால் ஓராண்டு அவரை ட்ரேட் செய்யக்கூடாது.

2025-க்கான ஈட்டு அளவு இது (ஆண்டுதோறும் மாறும்): சராசரி ஏறத்தாழ 1.54 மில்லியன் வரை ஒன்றுமில்லை. 2.34 வரை மூன்றாம் சுற்று. 4.68 வரை இரண்டாம் சுற்று. 7.02 வரை முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும். 9.36 வரை முதல், இரண்டாம், மூன்றாம் சுற்றில் ஒவ்வொன்று. 11.7 வரை இரண்டு முதல் சுற்று, கூடவே இரண்டாம், மூன்றாம் சுற்று. அதற்கு மேல் நான்கு முதல் சுற்று.

எல்லோரும் தடுக்கும் கல் ஒன்று உண்டு. ஈட்டைக் கணக்கிடும்போது மொத்தத் தொகையை ஐந்துக்கு மேற்பட்ட எண்ணால் வகுக்க மாட்டார்கள். ஏழு ஆண்டு, ஆண்டுக்கு 9 மில்லியன் என்றால் மொத்தம் 63. கேப் ஹிட் 9 தான். ஈட்டுக்கு 63-ஐ ஐந்தால் வகுத்தால் 12.6, நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள் போய்விடும். "ஒன்பது மில்லியனுக்கு முதல் மூன்று சுற்றுதானே" என்று எழுதுபவர்கள் இதை மறந்தவர்கள்.

மற்றொரு நிபந்தனை, கொடுக்கும் தேர்வுகள் அணியின் சொந்தத் தேர்வுகளாக இருக்க வேண்டும். ட்ரேடில் வாங்கிய வேறு அணியின் தேர்வு செல்லாது.

இதை எப்படிச் செய்வது என்பதற்குப் பாடப்புத்தகம் 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் செய்தது. பிட்ஸ்பர்கிடம் கொடுத்திருந்த தங்கள் 2025 இரண்டாம் சுற்றுத் தேர்வைத் திரும்ப வாங்கினார்கள். பிறகு எட்மண்டனின் ஃபிலிப் ப்ரோபர்குக்கு 45,80,917 டாலர், டிலன் ஹாலவேக்கு 22,90,457 டாலர், இருவருக்கும் இரண்டு ஆண்டு. கடைசி டாலர் வரை எண்ணிய அந்தத் தொகைகள் தற்செயல் அல்ல. அந்த ஆண்டின் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று ஈட்டு அளவுகளின் விளிம்பில் நிற்கும் தொகைகள். எட்மண்டன் இறுதிப்போட்டியின் ஏழாம் ஆட்டத்தில் தோற்று, மூத்த வீரர்களுக்குச் செலவழித்து, கேப்பில் இடமில்லாமல் நின்ற நேரம். அவர்கள் இருவரையும் விட்டுவிட்டார்கள். ஹாலவே அடுத்த சீசனில் 26 கோலும் 63 புள்ளியும் (கோலும், கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) எடுத்தார். விலை, ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு.

மேலாளர்கள் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்ளத் தயங்குவதால்தான் இது அரிதாக நடக்கிறது. ரசிகனாக எனக்கு இது பொறுக்கவில்லை. விதி அனுமதிக்கும் வழியை நட்புக்காக விட்டுவிடும் அணி, சீட்டு வாங்கி வரும் மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. உங்கள் அணியிடம் சொந்தத் தேர்வுகள் இருக்கின்றனவா, எதிரே எந்த அணி கேப் நெரிசலில் இருக்கிறது என்று ஆகஸ்டில் ஒருமுறை பாருங்கள்.

6. நோ-மூவ் உரிமை எந்த நாளில் உயிர் பெறுகிறது என்று பாருங்கள்

நோ-ட்ரேட் என்றால் ட்ரேடுக்கு வீரரின் ஒப்புதல் வேண்டும். நோ-மூவ் அதைவிட வலியது: வெய்வரில் (பிற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில்) போடவும் கீழே அனுப்பவும்கூட முடியாது. சிலவற்றில் வீரர் ஒரு பட்டியல் கொடுப்பார், பத்து அணி, பதினைந்து அணி என்று. அந்தப் பட்டியல் போக மறுக்கும் அணிகளா, போகச் சம்மதிக்கும் அணிகளா என்பதைக் கவனியுங்கள். இரண்டும் தலைகீழ்.

கட்டுப்பாடற்றவராகும் தகுதி வந்த ஆண்டுகளில்தான் இந்த உரிமை செல்லும். அதனால் இளம் வயதில் போட்ட நீண்ட ஒப்பந்தங்களில் பின்பாதியில்தான் அது விழிக்கும். மார்னரின் முழு நோ-மூவ் 2023 ஜூலை 1 அன்று விழித்தது. 2024 ஜூலை 1 முதல் நீட்டிப்புப் போட வழி இருந்தது, போடப்படவில்லை. 2025 ஜூன் 30 அன்று வேகாஸுக்கு அனுப்பி டொரொண்டோ வாங்கியது நிக்கொலா ரோய் ஒருவரை மட்டும். அந்த ஒரு மாற்றை வைத்து மேலாளரைத் திட்டுவது பாதி நியாயம்தான். 2023 ஜூனில் டொரொண்டோ தானே எடுத்திருக்கக்கூடிய முடிவு அது. ஜூலை 1-க்குப் பின் பேரம் பேசும் கை மார்னருடையதாகிவிட்டது. நூறு புள்ளி எடுக்கும் ஒருவரை அந்த விலைக்கு விட நேர்ந்ததன் வேர் அங்கே இருக்கிறது.

உங்கள் அணியின் பக்கத்தைத் திறந்து, அடுத்த ஜூலை 1 அன்று யார் யாருக்கு உரிமை விழிக்கிறது என்று இப்போதே எழுதி வையுங்கள். டிராஃப்ட் வாரத்தில் ட்ரேட் வதந்திகளில் அடிபடும் பெயர்களில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கும்.

ரோய்க்கு மார்னர் என்ற அந்த மாற்றுக்கு ஆண்டுக் கணக்கும் ஒரு காரணம். சொந்த அணி எட்டு ஆண்டு கொடுக்கலாம், பிற அணி ஏழுதான். எட்டாம் ஆண்டு வேண்டுமானால் பழைய அணியோடு கையெழுத்திட்டு உடனே ட்ரேட் ஆக வேண்டும். 2026 செப்டம்பர் 16 முதல் நடைமுறைக்கு வரும் புதிய கூட்டு ஒப்பந்தத்தில் இது ஏழு, ஆறு என்று குறைகிறது. எட்டு ஆண்டு ஒப்பந்தங்கள் அதோடு முடிகின்றன.

7. பைஅவுட் போடலாமே என்று சொல்லும் முன் போனஸைப் பாருங்கள்

26 வயதும் அதற்கு மேலும் என்றால் மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 26-க்குக் கீழே என்றால் மூன்றில் ஒரு பங்கு கொடுத்து வெளியே அனுப்பலாம். அந்தத் தொகை மிச்ச ஆண்டுகளின் இரு மடங்கு காலத்துக்குப் பரவும். காயத்தில் இருப்பவரைப் பைஅவுட் செய்ய முடியாது.

விதியின் உயிர் "சம்பளம்" என்பதில் இருக்கிறது. போனஸ் அதில் சேராது. 30 வயது வீரர், கேப் ஹிட் 6 மில்லியன், இரண்டு ஆண்டு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாம் சம்பளம் என்றால்: மிச்சம் 12, மூன்றில் இரண்டு 8, நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 2. கேப்பில் முதல் இரண்டு ஆண்டும் 4 மில்லியன் மிச்சமாகும். அடுத்த இரண்டு ஆண்டு 2 மில்லியன் சுமை.

ஆண்டுக்கு 1 சம்பளம், 5 போனஸ் என்றால்: மிச்சச் சம்பளம் 2, அதில் மூன்றில் இரண்டு 1.33, ஆண்டுக்கு 0.33. மிச்சமாவது ஆண்டுக்கு 0.67 மில்லியன்தான். 5.33 மில்லியன் கணக்கில் அப்படியே நிற்கும். யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

நட்சத்திரங்கள் போனஸாகக் கேட்பதற்கு இதுவே முதல் காரணம். ஆஸ்டன் மேத்யூஸின் ஒப்பந்தத்தில் பெரும்பகுதி போனஸ்தான். ஆகவே "அடுத்த ஆண்டு சரியாக ஆடவில்லை என்றால் பைஅவுட்" என்ற பேச்சு பெரிய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் வெறும் பேச்சு.

சுமை எவ்வளவு கனக்கும் என்பதற்கு மினசோட்டாவைப் பாருங்கள். 2021-இல் சாக் பரீஸே, ரையன் சூட்டர் இருவரையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். 2023-24, 2024-25 இரு சீசனிலும் 14.7 மில்லியன் செத்த பணமாகக் கணக்கில் நின்றது. அந்தக் காலத்தில் மினசோட்டாவை மற்ற அணிகளோடு சமமாக ஒப்பிட்டு விமர்சித்தது நியாயமே இல்லை.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. ஃபுளோரிடா, டெக்சஸ், டென்னசி, நெவாடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. ஒண்டாரியோவில் மேல்தட்டு விகிதம் 53.53 விழுக்காடு. வேறுபாடு உண்மை, பேரத்தில் எடை போடும். ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்பதை ஏற்க முடியாது. இதே வரிச் சலுகையோடு ஃபுளோரிடா பாந்தர்ஸ் 2001 முதல் பத்து சீசன் தொடர்ந்து பிளேஆஃபைத் தவறவிட்டது. 2024, 2025 கோப்பைகளை வென்றது நல்ல நிர்வாகம்.

8. ட்ரேடில் சிறு எழுத்துகளைப் படியுங்கள்

விற்கும் அணி சம்பளத்தில் பாதி வரை தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்று வீரர்களுக்குத்தான் அப்படிச் செய்ய முடியும், அதுவும் ஒப்பந்தம் முடியும் வரை. சான் ஹோசே 2023-இல் எரிக் கார்ல்சனை பிட்ஸ்பர்குக்கு அனுப்பியபோது வைத்துக்கொண்டது ஆண்டுக்கு ஒன்றரை மில்லியன், நான்கு ஆண்டுக்கு. "பாதியை வைத்துக்கொள்ளட்டும்" என்று யோசனை சொல்லும் முன், அந்த அணியின் மூன்று இடங்களில் எத்தனை காலி என்று பாருங்கள்.

டிராஃப்ட் தேர்வுகளில் நிபந்தனைகள் இருக்கும். முதல் பத்துக்குள் விழுந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும் என்பது போல. இவை முதல் செய்தியில் வராது.

நீண்டகாலக் காயப் பட்டியலில் ஒருவரை வைத்து, பிளேஆஃபில் வரம்பைத் தாண்டி ஆடும் பழைய வழி 2025-26 முதல் அடைபட்டுவிட்டது. இப்போது பிளேஆஃபில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் களமிறங்கும் 20 பேரின் கேப் ஹிட்டும் வரம்புக்குள் இருக்க வேண்டும். கோடையில் அணி கட்டும்போது அந்த வழியை நம்பி யோசனை எழுதாதீர்கள்.

9. வயதையும் புள்ளிகளையும் சேர்த்துப் பாருங்கள்

கட்டுப்பாடற்ற வீரரை வாங்கும் அணி, அவர் ஏற்கெனவே ஆடி முடித்த ஆண்டுகளுக்கு விலை கொடுக்கிறது. முன்கள வீரர்களின் உச்சம் இருபதுகளின் நடுவில். 29 வயதில் ஏழு ஆண்டு என்றால் கடைசி மூன்று ஆண்டு நட்டம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள், பிறகு முதல் நான்கு ஆண்டு அதை ஈடுகட்டுமா என்று பாருங்கள். ஜூலை 1 பகலில் கையெழுத்தாகும் நீண்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை நான் ஏற்பதில்லை. ஜூன் கடைசி வாரத்தில் தன் ஆள்களைத் தக்கவைக்கும் அணியே கோடையில் வென்ற அணி. 2025-இல் ஃபுளோரிடா சாம் பென்னட்டை 8, ஆரன் எக்ப்லாடை 6.1, பிராட் மார்ஷண்டை 5.25 மில்லியனுக்கு வைத்துக்கொண்டதைப் போல. மார்ஷண்டுக்கு 37 வயதில் ஆறு ஆண்டு என்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆண்டுகளைக் கூட்டிக் கேப் ஹிட்டை இறக்கும் வேலை அது. நீளத்தை மட்டும் பார்த்துச் சிரித்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

புள்ளிகளில் மூன்றைச் சரிபாருங்கள். கோல் எண்ணிக்கை திடீரென்று கூடியிருந்தால் அவர் அடித்த ஷாட்டுகளில் எத்தனை விழுக்காடு கோலானது என்று பாருங்கள். வழக்கமாக 11 விழுக்காட்டில் அடிப்பவர் ஓர் ஆண்டு 19 அடித்தால், அடுத்த ஆண்டு இறங்கும். பிறகு பவர்பிளே (எதிரணி ஆள் குறைவாக ஆடும் நேரம்) புள்ளிகளைக் கழித்துவிட்டு ஐவருக்கு ஐவர் நேரத்தில் என்ன எடுத்தார் என்று பாருங்கள், புதிய அணியில் அவருக்கு முதல் பவர்பிளே இடம் கிடைக்காமல் போகலாம். கடைசியாக, யாரோடு ஆடினார் என்று பாருங்கள். நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக், மணிபக் இரண்டிலும் இவை இலவசம்.

10. எழுதும் முன் காத்திருங்கள்

முதல் செய்தியில் ஆண்டும் சராசரியும் மட்டும் வரும். உரிமைகள் சில மணி நேரத்தில் தெரியும், ஆண்டுவாரிச் சம்பளமும் போனஸும் அன்றிரவோ மறுநாளோ. முதல் செய்திக்கு உடனே கருத்து எழுத வேண்டுமானால் விழுக்காட்டை மட்டும் சொல்லுங்கள், பைஅவுட், ட்ரேட் பற்றிய ஊகத்தை மறுநாளுக்கு வையுங்கள்.

பேரம் தப்பு என்று எழுதினால், அதே பணத்துக்கு அந்த வாரம் வேறு யார் கிடைத்தார் என்று ஒரு பெயராவது சொல்லுங்கள். ஜான் டவாரஸ் 34 வயதில் டொரொண்டோவோடு நான்கு ஆண்டுக்குப் போட்டது 4.38 மில்லியன், வரம்பில் 4.6 விழுக்காடு. நான்கு ஆண்டு அதிகம் என்று வாதிடலாம். அந்தத் தொகைக்கு, இரண்டாம் வரிசையின் நடுவில் நின்று ஆட்டத்தைத் தொடங்கும் முகநேர் மோதலில் பக்கை (ஹாக்கி வட்டை) வெல்லும் வேறொருவர் 2025 ஜூலையில் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாதம் நிற்கும்.